இன்னும் கொஞ்சம் திருப்பு

அது மழைக்கு முந்தின மாதமா, பிந்தினதா என்று எனக்கு நிச்சயமில்லை. மத்தியான வெளிச்சம் மட்டும் நினைவிருக்கிறது. டிவியில் எல்லாமே மங்கல் என்று அப்பா ஓயாமல் சொன்னதால், கண் டாக்டருக்கென்று அம்மா சேர்த்த பணத்தில் புது டிவியும் ஹெச்.டி. பெட்டியும் வந்திருக்கின்றன. "என் கண்ணுக்கு என்ன? டிவிக்குத்தான் வயசாயிடுச்சு" என்பது அப்பாவின் தீர்ப்பு. மொட்டைமாடியில் டிஷ்காரர் டிஷ் ஆன்டெனாவை ஸ்பேனரால் திருகுகிறார்.

"தெளிவா தெரியுதா சார்?"

திரைக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா, "இல்லப்பா, இன்னும் கொஞ்சம் திருப்பு" என்கிறார். ஈரக் கையோடு அம்மா வந்து பார்க்கிறாள். செய்தி வாசிப்பவளின் நெற்றியில் ஒட்டிய ஒற்றை முடிகூடத் தெரிகிறது. அம்மா என்னைப் பார்க்கிறாள். நான் ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

"இதுக்கு மேல திருப்பினா என் கழுத்துதான் சார் திரும்பும்."

அப்பா சிரிக்கிறார். "மங்கலாத்தான்பா இருக்கு."

அம்மா வாசலில் நின்று மேலே பார்த்து, "போதும், இறங்கி வாங்க" என்கிறாள்.

மறுவருடம் அப்பாவுக்குப் பார்வை முழுதும் போனது. சாகும்வரை டிவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா என்னோடு இருக்கிறாள். டிஷ்காரர் தொழிலை மாற்றிக்கொண்டார். டிவி இன்னும் தெளிவாக ஓடுகிறது.