அளவெடுத்த தொப்பி

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கையில் வேலை இருந்தால் அதோடு வாருங்கள். ஒரு தொப்பிக் கதை வைத்திருக்கிறேன்.

கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவருக்குக் கோட்டு சூட்டோடு போடும் பழைய காலத்து ஃபெல்ட் தொப்பி என்றால் உயிர். அன்றும் பழைய சாமான் கடையிலிருந்து ஒன்றோடு வந்து நின்றார்.

“பீரோ மேல இடமில்ல, கட்டிலுக்கடியில இடமில்ல. இன்னும் ஒண்ணு வந்தா நான்தான் தொப்பிப் பெட்டிக்குள்ள படுக்கணும்” என்றாள் தையல்காரி மனைவி.

“இது வேற ரகம்மா. உச்சியில மடிப்பைப் பாரு, நீல நாடாவைப் பாரு. எனக்குன்னே அளவெடுத்த மாதிரி உக்காருது. இதுதான் கடைசி.”

“போன மாசமும் இதுதான் கடைசி.”

அவர் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

கதவு சாத்தியதும் அவள் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பழுப்புத் தொப்பியை எடுத்தாள். கெட்டில் ஆவியில் காட்டி மடிப்பை மாற்றி அழுத்தினாள். கறுப்பு நாடாவைப் பிரித்துப் பச்சை நாடா தைத்தாள். நேரே அதே பழைய சாமான் கடைக்குப் போனாள்.

“நீல நாடா வச்சுக் குடுத்ததையும் சார் கண்டுபிடிக்கலையாக்கா?” என்று சிரித்தார் கடைக்காரர்.

“இல்லப்பா. அளவெடுத்த மாதிரி இருக்காம். ஆறு வருஷம் அவர் தலையிலயே இருந்தது வேற எப்படி இருக்கும்?”

“எண்ணிப் பாக்க மாட்டாரா?”

“புதுசு தலையில இருக்கப்போ பழசை யார் எண்ணுவா? வாங்காதீங்கன்னு நிஜமாவே தடுத்தா முகம் சுருங்கிடும். எனக்கு வீட்டுல இடமும் வேணும், அந்த முகமும் வேணும். இதை ஜன்னல்ல வை, சனிக்கிழமை வருவார்.”

உங்கள் வீட்டிலும் பீரோ நிறைந்தாலும் முகம் எதுவும் சுருங்காமல் இருக்கட்டும், கண்ணுகளா.