ஒரு சொல்லும் வீட்டு உறுதியும்

அலுமாரியில் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் காணவில்லை.

றஸ்னா தட்டுத் தட்டாகத் தேடினாள். நேற்றுத்தான் தம்பி றிப்தி ஃபோனில் சொன்னான். "ராத்தா, அர்ஷாத் மச்சான் உறுதி எழுதுற நொத்தாரிசிட வீட்டால இறங்கிறதக் கண்டன். கையில பெரிய கவர். உறுதியக் கவனமா வெச்சிக்கங்க."

அவள்தான் சிரித்து மழுப்பியிருந்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

உம்மா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பிய சீதன வீடு அது. மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, உம்மா குசினியோடு ஒட்டிய சாய்ப்பில் பாய் போட்டுப் படுக்கிறா. முன்னறையில் மாப்பிள்ளை அர்ஷாத் ஆங்கில வகுப்பு நடத்துகிறார். ஊரில் இது புதினமில்லை. யாரும் குறையாகக் கதைப்பதுமில்லை.

முன்னறையில் அர்ஷாத்தின் குரல் கேட்டது. வேலைக்குப் போகும் பத்துப் பேருக்கு ஞாயிறு வகுப்பு. பழைய ஆங்கிலச் சொற்கள் எங்கே பிறந்தன என்று கிண்டுவதில் அவனுக்கு ஒரு பைத்தியம்.

"'லேடி' எண்டா முந்தி என்ன அர்த்தம் தெரியுமா? மாப் பிசையிறவ!"

எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் குசினியில் உம்மா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தா. றஸ்னா திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அப்ப 'ஹஸ்பண்ட்' எங்கயிருந்து வந்த, சேர்?" காரைதீவுத் தாதி சிவரூபினி கேட்டாள்.

"அது இங்கிலாந்துக்குக் கடல் தாண்டி வந்த வடக்கு ஆக்கள் கொண்டுவந்த சொல். முன்பாதி வீடு. வீட்டுத் தலைவன் எண்டு வெச்சிக்கங்க."

"அப்ப எங்கட ஊரில ஒரு ஹஸ்பண்டும் இல்ல சேர்," என்றான் வங்கியில் வேலைசெய்யும் ஷிப்லி. "வீடெல்லாம் பொஞ்சாதிமார்ர பேரில!"

மீண்டும் ஒரே சிரிப்பு. அர்ஷாத் மட்டும் சிரிக்கவில்லை.

"இந்த அறையில இதுதான் கடைசி வகுப்பு," என்றான். "வாற கிழமையிலிருந்து சந்தியில. இடம் பாத்திட்டன்."

றஸ்னாவுக்குச் சந்தேகமே இல்லை. வீட்டை விற்கவே போகிறான். உம்மா இனி எங்கே போவா?

கடைசி மோட்டார் சைக்கிள் வெளியேறியதும் பாய்ந்து வந்தாள்.

"உறுதி எங்க?"

"என்ட பையில."

"எங்கட உம்மாவ நடுத்தெருவில உட்டுப்போட்டுத்தான் நீங்க வீட்டுத் தலைவனாகணுமா?"

"மெல்லக் கதைங்க. மாமிக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! கேட்டுப் பதறட்டும்!"

அர்ஷாத் கவரை மேசையில் வைத்தான். "வீடு ஒங்கட பேரில. நீங்க ஒப்பம் வெக்காம ஒண்டும் நடக்காது. முதல்ல வாசிங்க."

அவள் கவரைப் பிரித்தாள். பழைய உறுதியோடு புதிதாக எழுதிய, இன்னும் ஒப்பம் வைக்காத ஒரு வரைவும் இருந்தது. அதில் முன்னறையில் சாகும்வரை வசிக்கும் சீவிய உரித்து அவளுடைய தாயாருக்கு என்றிருந்தது.

"மௌத்தாகும் மட்டும் மாமி இந்த அறையில இரிக்கட்டும். ஒருத்தரும் எழுப்பேலா. நானும் எழுப்பேலா."

றஸ்னா அந்த வரியை இன்னொரு முறை வாசித்தாள். இந்த மனுசனையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

"அந்த 'ஹஸ்பண்ட்' எண்ட சொல்லில பின்பாதியும் இரிக்கி," என்றான் அவன். "குடியிரிக்கிறவன் எண்டுதான் அதிட வேர். எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேணா."

பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கியபோதும் அவன் விடவில்லை.

"மாமி விரும்பித்தான் சாய்ப்புக்குப் போனா எண்டு ஆறு வருசமா நினைச்சிருந்தன். முந்தநாள்தான் அவட்டக் கேட்டன். 'மருமகன் முன்னறையக் கேட்டாராமே, மகள் சொன்னா' எண்டா. நான் எப்ப கேட்டன், றஸ்னா?"