ரிடையர்மென்ட் கேக்

கலிபோர்னியாவில், நாபாவின் திராட்சைத் தோட்டத்தில் உட்கார்ந்து, மகள் ஜோவானா ஒயின் கோப்பையைச் சுழற்றிச் சுழற்றி உறிஞ்சிய நிதானத்தைப் பார்க்கப் பார்க்க ஜெபராணிக்கு வயிறு எரிந்தது. மகளின் வயதில் ஜெபராணி ஆஸ்பத்திரி வார்டில் நின்றுகொண்டே இட்லியை விழுங்கிய நர்ஸ்.

"இனிமே அலாரமே கிடையாது, மம்மி!" என்றாள் ஜோவானா.

"அதுக்கெல்லாம் கொடுத்து வெச்சிருக்கணும்டி."

'ஹேப்பி ரிடையர்மென்ட்' என்று எழுதிய கேக்கைக் கொண்டுவந்த வெள்ளைக்காரப் பெண், ஜெபராணியின் நரைத்த தலையைப் பார்த்ததும் அவள் முன்னால் வைத்து, "கங்கிராஜுலேஷன்ஸ், மேடம்!" என்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள்.

ஜெபராணி பல்லைக் கடித்துக்கொண்டு கேக்கை மகள் பக்கம் தள்ளினாள்.

"ரிடையர் ஆனது நீதானேடி, டாட்காம் ஷேர் புண்ணியத்துல, இருபத்தெட்டு வயசுல! சீக்கிரம் வெட்டு. காலைல ஆறு மணிக்கு எனக்கு டூட்டி."