முதல் நாள் முத்திரை

“முகத்துல மட்டும் குத்தாதீங்க, சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

தையல்காரர் கும்பிட்ட கையை இறக்கவில்லை. குத்துகிறவர் காதில் விழுந்தால்தானே! தபால் ஆபீஸ் பின்னறையில் டொக் டொக்கென்று முத்திரை விழுந்துகொண்டே இருந்தது. உறைக்கு உறை சுவாமியின் முகம் கறுப்பு மையில் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

‘இந்தியா தந்த ஞானி’ என்று போட்டு அன்றுதான் அவருக்குத் தபால்தலை வெளியிட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை மனிதர் ஒரு போட்டோவுக்கும் நின்றதில்லை. சீடர் ஒருவர் நினைவிலிருந்து வரைந்த இந்த முகம்தான் மிச்சம். விற்பனைக்கு வந்த தபால்தலைகளையும் காலையிலேயே பக்தர்கள் ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

தையல்காரரின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வார்டு ரேடியோவில் சுவாமி பிறந்த ஊர், பழைய பெயரோடு செய்தியைக் கேட்டதிலிருந்து, அந்த முகத்தைக் கொண்டுவந்து காட்டுடா என்று ஒரே பிடிவாதம். பொழுது சாயும்வரை தாங்குவதே சந்தேகம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முத்திரைக்காரர் சொன்னார்: “சாமியைப் பார்க்கக் கண்ணு எதுக்குங்க? மனசுல நினைச்சுக்கச் சொல்லுங்க.”

இதெல்லாம் யார் யாரோ எழுதிய கடிதம், குத்தாமல் விட்டால் தன் வேலைக்கு வேட்டு என்றும் சொன்னார். நியாயம்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு தையல்காரர் என்ன செய்வார், பாவம்?

அம்மா சுவாமியிடம் உபதேசம் வாங்கியவரா என்று விசாரித்தார் முத்திரைக்காரர். ஆசிரமத்துப் பக்கமே போனதில்லை என்றார் தையல்காரர்.

“அப்போ நீங்கதான் பெரிய பக்தர். பக்தி முத்திப்போய் மூக்குகூட சாமி மூக்காவே ஆயிடுச்சே!”

தையல்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொன்னால் யார் நம்பப் போகிறார்கள் என்று விழுங்கிக்கொண்டார்.

கட்டு தீர்ந்து ஒரே ஓர் உறை மிஞ்சியது. அது முத்திரைக்காரர் தன் பெயருக்குத் தானே எழுதிக்கொண்டது. தபால்தலை வெளியான முதல் நாள் முத்திரையோடு வீட்டில் மாட்டி வைக்கப் போகிறாராம். கண்ணில் ஒற்றிக்கொண்டு மேசையில் வைத்தார், கையை ஓங்கினார்.

தையல்காரருக்கு என்ன ஆவேசம் வந்ததோ, பாய்ந்து உள்ளங்கையால் தபால்தலையைப் பொத்திவிட்டார். முத்திரை அவருடைய புறங்கையில் இறங்கியது.

முத்திரைக்காரர் பதறிப்போய் எழுந்தார். “என்னங்க, பைத்தியமா உங்களுக்கு? சாமி மேல அப்படி என்ன பக்தி உங்க அம்மாவுக்கு?”

தையல்காரர் கையை எடுக்கவே இல்லை.

“அம்மாவுக்குச் சாமியெல்லாம் வேண்டாம், சார். சின்ன வயசுல வீட்டை விட்டுப் போன மூத்த பிள்ளையைப் பார்க்கணுமாம்.”