புரட்டாசிப் பணியாரம்

அடக் கடவுளே, இது நம்ம குழிப்பணியாரமல்லவா என்று, ஊரிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த கோபாலசாமி அந்தக் கடை முன்னாலேயே நின்றுவிட்டார்.

ஹூஸ்டனில் வியட்நாம்காரர்களின் சனிக்கிழமைச் சந்தை. அதே குழிக்கல், அதே அரிசி மாவு, கூடத் தேங்காய்ப்பாலும் மஞ்சளும். கடைக்கார அம்மாள் குழிக்கு ஒரு இறாலாக வைத்துக்கொண்டே போனாள். பெயர் 'பான் கோட்' என்றாள்.

மகள் ஹம்சா இறால் இல்லாமல் கேட்டு வாங்கினாள். புரட்டாசிச் சனி ஆயிற்றே. அவள் புருஷன் சபரி விரதத்தில் மகா கறார். அவர்கள் குடியிருக்கும் காப்பெல்லிலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்ததே இங்கே பெருமாளைச் சேவிக்கத்தான்.

பணியாரத்தை லெட்யூஸ் இலையில் சுருட்டி, கிண்ணத்துச் சாற்றில் முக்கித் தின்ன வேண்டுமாம். புளிப்பும் காரமுமாக நாக்கைச் சுண்டி இழுத்தது. சபரி எட்டு தின்றான். கோபாலசாமி ஒன்பது. அவர் மனைவி சாந்தி எப்போதும்போல எல்லோரும் தின்று முடிக்கட்டும் என்று நின்றாள்.

அப்புறம்தான் சபரி அது என்ன சாறு என்று கேட்டான். மீன் என்றாள் அந்த அம்மாள், சிரித்துக்கொண்டே.

ஹம்சாவின் கன்னத்தில் அறை விழுந்தது. இன்னொன்று. மூன்றாவதற்குத் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தான்.

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அது அடி வாங்கிப் பழகின கை. கோபாலசாமி பார்த்தவுடனே கண்டுகொண்டார்.

மூன்று வருஷமாகப் போனில் நல்லாத்தான் இருக்கேன்ப்பா என்று சொன்னதெல்லாம் இந்த லட்சணம்தானா?

"எம்புள்ள மேலயாடா கைய வெக்கற?"

காலையில்கூட வாய் நிறைய மாப்பிள்ளைங்க என்றவர், பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கி அவன் முகத்திலேயே விளாசினார். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். விழுந்தவனை விலாவிலேயே மிதித்தார். அடுப்பு சரிந்து, கொதிக்கிற எண்ணெய் சாந்தியின் கையில் தெறித்தது.

யாரோ போலீஸைக் கூப்பிட்டார்கள். நாலு பேர் சேர்ந்து கோபாலசாமியைப் பிடித்து நிறுத்தினார்கள். மூச்சிரைத்தாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. இன்றைக்கே கிளம்பு கண்ணு, அப்பன் இருக்கிறேன், இனி ஒருத்தன் உன்னைத் தொட்டுவிடுவானா என்று மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஹம்சா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கடைக்கார அம்மாள் சாந்தியின் முழுக்கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பாதியில் நிறுத்தினாள். புதுக் கொப்புளத்துக்கு மேலே பழைய சூட்டுத் தழும்புகள், தோள்வரைக்கும்.

தரையில் கிடந்த சபரியைக் காட்டி, இவனா என்று கேட்டாள்.

ஹம்சா இல்லையென்று தலையாட்டினாள். கையை நீட்டி அப்பாவைக் காட்டினாள்.

"நீங்க மட்டும் ஊருக்குப் போங்கப்பா. அம்மா எங்கூட இருக்கட்டும்."

சாந்தி சட்டைக் கையை இறக்கிவிடவில்லை.