இலைமேல் விரித்த கை

"செல்லை வளரச் சொல்றது கைனேஸ்னு ஒரு புரதம். உங்க மார்புல அதுக்கு நிறுத்தத் தெரியல, அதான் இந்தப் புற்றுக்கட்டி. இந்த மாத்திரை அதை மறிக்கும்" என்றார் டாக்டர்.

மாத்திரையை விழுங்கிக் கண்ணயர்ந்த தையல்நாயகி, தனக்குள்ளேயே ஒரு பந்தியில் உட்கார்ந்திருந்தாள். வாளியோடு வந்தவர் அவளுக்குப் பரிமாறிக்கொண்டே இருந்தார். சோறு இலையைத் தாண்டி மடியேறி, மார்பு வரை குவிந்தது.

"நிறுத்துங்களேன்!" என்று அலறினாள்.

"போதும்னு யாரும் சொல்லலியேம்மா."

அவர் முகத்தில் சூதே இல்லை. அவள் இரண்டு கைகளையும் சோற்றின்மேல் விரித்து மறித்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நீங்க கருவா இருந்தப்ப, இந்த விரலெல்லாம் நான் பரிமாறினதுதாம்மா."

ஆவி பட்டு உள்ளங்கை சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.