குரோமியத் தொட்டி

சைக்கிள் ஹேண்டில்பார்களுக்குக் குரோமியம் பூசும் பட்டறையில் ஞானதுரைக்குப் பதினான்கு வருட வேலை. அங்கே முதன்முறையாக நடந்த மருத்துவ முகாமில், டாக்டரம்மா அவருடைய வலது மூக்குத் துவாரத்தில் டார்ச் அடித்தார். வெளிச்சம் இடது துவாரத்திலும் தெரிந்தது.

"நடுச்சுவர்ல ஓட்டை விழுந்திருக்கு. தொட்டியிலேர்ந்து வர்ற ஆவி அரிச்சிருக்கு. வலிக்கலையா?"

"இல்லம்மா. மூடிக்குமா?"

"மூடாது. முதல்ல அந்த வேலையை விடுங்க."

"வேற வேலை தெரியாதும்மா."

வெளியே பெஞ்சில் அவர் மனைவி எஸ்தர் காத்திருந்தாள். மூன்று வருடமாக அவளுக்கும் அதே தொட்டியில்தான் வேலை.

"என்னங்க சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. வா, வீட்டுக்குப் போகலாம்." அவள் கையைப் பிடித்தார்.

"என்னைப் பார்க்க வேணாமா?"

நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டாள். எஸ்தர் எழுந்தாள். ஞானதுரை அவள் கையை விடவில்லை.